கடல் சாமிக்கு உடைத்த தேங்காய்

பாப்பாவின் அப்பாவுக்கு,

கிரீஸில் எனக்கு ஒரு குறையும் இல்லை. போன ஞாயிறு மதியம், நான் வேலை செய்யும் வீட்டு மேடம், கடலோரமாக ஒரு பழைய கோயிலுக்குப் போய் வரலாம் என்றார். கோயில் என்றதும் தலைக்குக் குளித்துச் சேலை கட்டினேன். கடை கடையாகத் தேடி வாங்கி வைத்திருந்த தேங்காயையும் எடுத்துக்கொண்டேன்.

போய்ப் பார்த்தால் குன்றின் மேல் வெள்ளைத் தூண்கள் மட்டும் நிற்கின்றன. கூரையும் இல்லை, பூசாரியும் இல்லை. செருப்பைக் கழற்றியது நான் ஒருத்திதான், கல் சுட்டது. தேங்காயை ஓங்கியதும் காவல்காரர் விசில் ஊதிக்கொண்டு ஓடி வந்தார்.

“சாமி எங்கங்க போச்சு?” என்று மேடத்திடம் நம் பேச்சிலேயே கேட்டுவிட்டேன். அவருக்கு எப்படியோ விளங்கிவிட்டது. சிரித்துக்கொண்டே கடலைக் காட்டினார். அது கடல் சாமியின் கோயிலாம்.

கீழே இறங்கி, அலையடிக்கும் பாறையில் உடைத்தேன். சரி பாதியாகப் பிளந்தது. என்ன வேண்டுதல் என்று மேடம் கேட்டார். அவரிடம் சொல்லாததை உங்களுக்குச் சொல்கிறேன். ஆறு மாதமாகச் சம்பள நாளிலும் நீங்கள் சாராயக் கடைப் பக்கம் போகாமல் நேரே லயத்து வீட்டுக்கு வந்துவிடுகிறீர்கள் என்று ராக்கம்மா மதினி எழுதியிருந்தார்.

ஒரு மூடியை நாங்கள் இருவரும் அங்கேயே தின்றோம். மற்றதை வெயிலில் காயவைத்திருக்கிறேன்.

தையில் ஊருக்கு வர லீவு கிடைக்கிறது. போன தடவை நாவலப்பிட்டி ஸ்டேசனுக்கு அண்ணன்தான் வந்தார். நீங்கள் எங்கே என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இந்தத் தடவை நீங்களே வாருங்கள். அந்த மூடியை உங்கள் கையில்தான் தருவேன்.

பாப்பாவின் அம்மா