சாம்பல் பூத்த பக்கம்

சிவமயம்

நச்சாந்துபட்டி
துர்முகி வருஷம், தை மாதக் கடைசி

பினாங்கில் இருக்கும் என் மகன் சிரஞ்சீவி உடையப்பனுக்கு ஆத்தா எழுதுவது. இங்கே உன் அப்பச்சியும் நானும் சிவன் புண்ணியத்தில் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். அங்கே நீ நலமா என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்ள இந்தத் தடவை எனக்கு மனசு வரவில்லை, அங்கே இருக்கிற எல்லாரும் நலமா என்று கேட்கிறேன். எல்லாரும் என்றால் யார் என்று முழிக்காதே, கடிதத்தை முழுக்கப் படி.

மழை ஐப்பசியோடு போய்விட்டது என்று நினைத்தோம், மார்கழியில் வந்து கண்மாயை நிறைத்துவிட்டது. பால்காரன் பெரியகருப்பனுக்கு அது வசதியாகப் போயிற்று, பாலில் பாதி கண்மாய்தான். கேட்டால், மாடு நெறையாத் தண்ணி குடிச்சிருச்சு ஆச்சி, நான் என்ன செய்யட்டும் என்கிறான். நீ அனுப்பிய கிராமபோன் பிளேட்டுப் பார்சல் பொங்கலுக்கு முன்னாலேயே வந்தது. சணல் முடிச்சைப் பார்த்தால் வழியில் யாரோ அவிழ்த்துக் கட்டியது மாதிரி இருந்தது, தபால்காரரை வாசலிலேயே நிற்க வைத்துக் கேட்டேன். உன் அப்பச்சி உள்ளே இருந்தபடி, ஒன்னையப் போலீசுல சேத்திருந்தா இந்நேரம் பெரிய ஆபீசரா ஆயிருப்பே, பாவம் அந்த மனுசனை விடு என்றார். விட்டுவிட்டேன். சந்தேகக்காரி என்று ஊரெல்லாம் பேர் வாங்கிய நான், சந்தேகப்பட வேண்டியதை விட்டுவிட்டு ஒரு வருஷமாகப் பாலையும் சணலையும் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறேன். எனக்கு ஆத்திரம் என் மேல்தான் முதலில், அப்புறம்தான் உன் மேல்.

காணும் பொங்கல் அன்று மத்தியானம் வழக்கம்போல அப்பச்சியின் பிளேட்டுச் சபை நம் வீட்டில் கூடியது. கிராமபோன் பெட்டி வைத்திருக்கிற வீட்டுக்காரர்கள் எல்லாரும் அந்த வருஷம் தங்களுக்கு ரொம்பப் பிடித்த ஒரே ஒரு பிளேட்டைக் கொண்டுவந்து போட்டுக் காட்டுகிற சபை. அதற்கு ஒரு சட்டம் உண்டு, கடல் தாண்டிப் போனதில் உனக்கு மறந்துவிட்டது போலிருக்கிறது, ஞாபகப்படுத்துகிறேன். கடையில் நேற்று வாங்கிய புதுப் பிளேட்டைக் கொண்டுவந்து இதுதான் எனக்கு உசிர் என்று யாரும் சொல்லக்கூடாது. புதுப் பிளேட்டு எண்ணெய் தேய்த்த தலை மாதிரி கறுப்பாக மினுங்கும், ஊசி ஓடி ஓடித் தேய்ந்தால்தான் சாம்பல் பூக்கும். சாம்பல் பூத்திருந்தால்தான் பெட்டியில் ஏற்றுவார்கள். முன்னொரு வருஷம் ஆத்மநாதன் வாத்தியார் மினுங்குகிற பிளேட்டில் திருநீற்றைத் தடவிக்கொண்டு வந்து, அப்பச்சி அதை வேட்டி நுனியால் துடைத்து மானத்தை வாங்கினது உனக்கு நினைவிருக்கும். அதற்கு அப்புறம் வாத்தியார்தான் ஒவ்வொரு பிளேட்டையும் சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பரிசோதிக்கிறார், திருடினவனையே காவலுக்குப் போட்ட மாதிரி.

ராயவரத்தில் இருந்து அண்ணாமலை அண்ணன் வந்திருந்தார். அவர் மகள் மீனம்மாளை உனக்குக் கேட்டு, வருகிற மாசியில் கெட்டி பேசி முடித்துவிடலாம் என்று இரண்டு வீட்டிலும் சம்மதமாகி இருந்தது உனக்குத் தெரியும். ஆத்தா இஷ்டம் என்று நீயும் எழுதினாய். சம்மதம் என்று எழுதவில்லை, இஷ்டம் என்றுதான் எழுதினாய், அதை இப்போதுதான் எடுத்துப் பார்த்தேன். பினாங்கில் இருந்து லீவில் வந்திருக்கிற உன் சிநேகிதன் சேவுகனும் அன்றைக்கு ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தான். நான் இரண்டாங்கட்டு நிலைப்படியில் நின்று பணியாரத் தட்டுகளைக் கொடுத்து அனுப்பிக்கொண்டு இருந்தேன்.

உன் பிளேட்டை உறையில் இருந்து எடுத்ததும் வாத்தியார், அடேயப்பா என்றார். அப்படி ஒரு சாம்பல் இத்தனை வருஷத்தில் யார் பிளேட்டிலும் பூத்ததில்லை, இழை எல்லாம் வெளுத்துப் போய்க் கிடந்தது. அப்பச்சிக்கு முகம் கொள்ளாத சந்தோஷம். பாருங்கய்யா எம்மகன் கேட்டுக் கேட்டுத் தேச்சிருக்கிறதை, கடல் தாண்டிப் போனாலும் சங்கீதத்தை விட்டானா பாருங்க என்று கைக்குக் கை கொடுத்துக் காட்டினார். நீ கல்யாணிக் கீர்த்தனைதான் இந்த வருஷம் எனக்கு உசிர் என்று எழுதியிருந்தாயே, அதைப் போடுவதற்காகத் திருப்பினார்கள். கல்யாணி இருந்த பக்கம் கறுகறுவென்று மினுங்கியது. ஊசி அந்தப் பக்கம் நாலைந்து தரம் ஓடியிருந்தால் அதிகம். அப்போ தேஞ்சது என்ன பாட்டு என்று கேட்டுக்கொண்டே வாத்தியார் மறுபக்கத்தைப் போட்டார். கரகரவென்று ஒரே இரைச்சல். அந்த இரைச்சலுக்கு நடுவே ஒரு பெண்பிள்ளை நீலாம்பரியில் தாலாட்டுப் பாடினாள்.

அண்ணாமலை அண்ணன்தான் முதலில் சிரித்தார். மாப்பிள்ளை கிட்டங்கியில ஏணை கட்டி ஆடுறாரோ என்றார். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிக்க ஆரம்பித்த அவர்தான் முதலில் நிறுத்தினதும். சேவுகன் மட்டும் சிரிக்கவே இல்லை, பணியாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டு இருந்தான். ஆம்பிளைகளாகப் பத்துப் பேர் பெட்டியோடு பெட்டி போட்டுப் படுக்கிற கிட்டங்கியில் தினம் தினம் தாலாட்டுப் போட்டால் யார் தூங்குவார்கள், மேலாளா தூங்குவார், சமையல்காரனா தூங்குவான்?

சேவுகனைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டேன். இன்னும் ரெண்டு சாப்பிடப்பா என்று தட்டில் வைத்துக்கொண்டே, உடையப்பன் கிட்டங்கியில்தானே இருக்கான் என்று கேட்டேன். எனக்கென்ன ஆச்சி தெரியும், நான் வேற கிட்டங்கி என்றான். வந்த அன்றைக்கு இதே வீட்டில் இதே வாயால், நானும் அண்ணனும் பக்கத்துப் பக்கத்துப் பாய்தான் ஆச்சி, கவலையே படாதீங்க என்றவன். அதைச் சொன்னேன். அவனுக்குப் புரையேறிவிட்டது. தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்து, இந்தத் தடவை நீ அவனிடம் வாங்கிவரச் சொன்ன சாமான் என்னென்ன என்று கேட்டேன். அப்பளம், மோர் மிளகாய், வசம்பு என்றான். வசம்பு! போன சித்திரையிலும் வயிற்றுக்குச் சரியில்லை, வசம்பு அனுப்புங்கள் என்று எழுதினாய். வயிற்று வலி என்று என் பிள்ளை எழுதிவிட்டானே என்று அழுதுகொண்டே நானே சுட்டுப் பொட்டலம் கட்டி அனுப்பினேன். முப்பது வயதுக்காரனுக்கு யாரடா வசம்பு உரைத்துக் கொடுப்பார்கள்? பெரியகருப்பன் பாலில் ஒரு உழக்குத் தண்ணீரைக் கண்டுபிடிக்கிறவளுக்கு இது தெரியாமல் போய்விட்டது பார்.

பழைய கடையில் வாங்கிய பிளேட்டு, முன்னமே தேய்ந்திருந்தது என்று பதில் எழுதாதே. போன மாசியில் புதுசாக வாங்கினேன் என்று நீ எழுதிய கடிதாசி இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் போட்டேன் என்றும் எழுதாதே, பக்கத்து வீட்டுப் பிள்ளை அழுதால் சன்னலைச் சாத்துகிற ரகம் நீ, எனக்குத் தெரியாதா? எனக்கு ஒன்றுதான் விளங்காமல் இருந்தது, ஏன் இந்தப் பிளேட்டை அனுப்பினான் என்று. யோசித்துப் பார்த்ததில் அதுவும் விளங்கிவிட்டது. சபைக்குத் தேய்ந்த பிளேட்டுத்தான் அனுப்ப வேண்டும், உன்னிடம் இந்த வருஷம் தேய்ந்தது இது ஒன்றுதான். வேறு எதையும் நீ கேட்கவே இல்லை. சாம்பல் பூத்த பக்கத்தைப் பார்த்துவிட்டு, மறுபக்கத்துக் கல்யாணியைப் போட்டுக் கேட்டுவிட்டு உறைக்குள் வைத்துவிடுவார்கள் என்று நினைத்துவிட்டாய். அப்பச்சியின் சபைக்குத் தேயாத பிளேட்டை அனுப்பி ஏய்க்க உனக்கு மனசு வரவில்லை, பெற்ற ஆத்தாளை ஏய்க்க மட்டும் வந்துவிட்டது.

அவள் யார், எந்த ஊர்க்காரி, நாடு விட்டு நாடு போய்க் கல்யாணம் என்று ஏதாவது செய்துகொண்டாயா, இல்லை அதுவும் இல்லையா? தாலாட்டைப் பார்த்துத் தமிழ்ப் பெண்ணாக இருக்கும் என்று முதலில் கொஞ்சம் ஆறுதல் பட்டேன். அப்புறம் அந்த ஆறுதலிலும் சந்தேகம் வந்துவிட்டது. பாடத் தெரிந்த ஆத்தாளுக்குப் பிளேட்டு எதற்கு? அவளுக்குத் தமிழில் தாலாட்டுத் தெரியாது, பிள்ளை தமிழ் கேட்டுத் தூங்கட்டும் என்று நீதான் சாவி கொடுத்துச் சாவி கொடுத்துப் போட்டிருக்கிறாய். இதைப் புரிந்துகொண்ட அன்று நான் சாப்பிடவில்லை. கோபத்தில்தான் சாப்பிடவில்லை என்று உன் அப்பச்சியிடம் சொன்னேன், என்ன கோபம் என்று மட்டும் சொல்லவில்லை. ஊர்க் கோயிலில் அந்தப் பிள்ளையை நம் வீட்டுப் புள்ளியாக, குடும்பத்தில் ஒருவராகக் கணக்கில் எழுத மாட்டார்கள், அது உனக்குத் தெரியும். தெரிந்துதான் வாயைத் திறக்காமல் இருந்தாய். ஆனால் அதை மறைத்து வைத்துக்கொண்டு மீனம்மாளுக்கும் தலையை ஆட்டினாயே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. உன் பெரியாத்தா பர்மாவுக்குப் போன மனுஷனுக்காக வாசலைப் பார்த்தே கிழவியானாள், அங்கே அவருக்கு ஒரு குடும்பம் இருப்பது அவளுக்குக் கடைசியாகத்தான் தெரிந்தது. அந்த மாதிரி ஒரு பெண்ணை என் கையால் இந்த வீட்டுக்குள் கூட்டிவந்து உட்கார வைக்க நான் செத்தாலும் சம்மதிக்க மாட்டேன்.

அதனால் உன்னைக் கேட்காமலே ஒரு காரியம் செய்துவிட்டேன். போன வெள்ளிக்கிழமை திருமயம் போய் பஸ் மாறி ராயவரம் போனேன். அண்ணே, இந்தச் சம்பந்தம் வேண்டாம், மாப்பிள்ளையைப் பெத்த நானே சொல்றேன், காரணம் கேக்காதீங்க என்றேன். அவர் எழுந்து போய்த் தானே ஒரு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, அன்னைக்கு நான் அப்படிச் சிரிச்சிருக்கக் கூடாது உமையா என்றார். எனக்கு மளுக்கென்று கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கிளம்பும்போது மீனம்மாள் பூ கொண்டுவந்து கொடுத்தாள், நல்ல பெண், அந்தப் பெண்ணுக்கு நல்ல இடம் அமைய வேண்டும் என்று நான் தினம் விளக்கு வைக்கும்போது சொல்லிக்கொண்டு இருக்கிறேன், நீயும் சொல்லிக்கொள்.

அப்பச்சிக்கு இதெல்லாம் ஒன்றும் தெரியாது என்றுதான் நினைத்துக்கொண்டு இருந்தேன். ஜாதகத்தில் ஏதோ இடித்ததாம் என்று அவரிடம் சொன்னேன், அப்படியா என்று கேட்டுக்கொண்டார். வருஷா வருஷம் சபை முடிந்தால் உன் பிளேட்டைத் தன் பெட்டியில் பூட்டி வைத்துக்கொள்வார், திருப்பி அனுப்பின வழக்கமே கிடையாது. இந்த வருஷம் நான் அதை எடுத்து ஒரு வேட்டியில் சுற்றி, அப்பளக் கூடைக்கு நடுவே செருகி, சேவுகன் மாசியில் கப்பலேறும்போது கொடுத்துவிட ரெடி பண்ணி வைத்தேன். நீ அதை இங்கே அனுப்பிவிட்டு, அங்கே இத்தனை நாளாக அந்தப் பிள்ளை எதைக் கேட்டுத் தூங்குகிறதோ என்று நினைத்தால் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவர் பார்த்துக் கேட்டால் என்ன பொய் சொல்வது என்று யோசித்து வைத்திருந்தேன். பார்த்தார். உள்ளே போய்த் தன் ஊசி டப்பாக்களில் துழாவி ஒன்றை எடுத்துவந்து கூடையில் வைத்தார். இது மெல்லூசி, சத்தம் கம்மியா வரும், அவன் போடுற ஊசி முரட்டு ஊசி, பிளேட்டும் செத்துப்போகும், தூங்குற புள்ளையும் முழிச்சுக்கிரும்னு எழுது என்றார். சொல்லிவிட்டு மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டார். அவருக்கு எப்போதிருந்து தெரியும், சபையிலேயே தெரிந்ததா, அதற்கும் முன்னாலேயே உனக்கும் அவருக்கும் ஏதாவது கடிதப் போக்குவரத்தா என்று எனக்கு இப்போது அந்தச் சந்தேகம் வேறு. அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

என் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே, தீரவில்லை. தீர்வதற்கு நாளாகும். நீ வரும்போது அவளையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வா. தனியாக வந்தால் முகப்பைத் தாண்டி உள்ளே விடமாட்டேன், ஊர் என்ன பேசினாலும் அதை நான் ஒரு கை பார்க்கிறேன், என் வாய் உனக்குத் தெரியும். வசம்பை நன்றாகச் சுட்டுக் கருக்கித்தான் உரைக்க வேண்டும், பச்சையாக உரைக்கக்கூடாது, ஒரு இழைப்பு போதும். தலைக்கு ஊற்றினால் சாம்பிராணி போடு. எண்ணெய் தேய்த்த உடனே காற்றில் தூக்கிக்கொண்டு அலையாதே. ஆணா பெண்ணா, என்ன பேர் வைத்தாய் என்பதையாவது மறைக்காமல் மறுதபாலில் எழுது. சேவுகனைக் கேட்டால் சொல்லியிருப்பான், ஆனால் அவன் வாயால் எனக்கு வேண்டாம்.

எல்லாரும் தீர்க்காயுசாக, ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று கொப்பாத்தாளை வேண்டிக்கொண்டு,

பேர் தெரியாத ஒரு பிள்ளைக்கு அப்பத்தா,
உமையாள்