சீட்டுல விழுந்த பக்கம்

காலையில கதவத் தொறந்ததும் மைதாப் பசை நாத்தம். நம்ம ஊட்டுச் செவுத்துல புதுசா ஒரு போஸ்டர் ஒட்டிட்டுப் போயிருக்கானுங்க. நீ இருந்தவரைக்கும் அது எனக்கு நாத்தமாத் தெரிஞ்சதில்ல.

எதுத்த ஊட்டு காலேஜ் பையன் அப்பப்ப வந்து நிப்பான். "அக்கா, கொஞ்சம் பசை காச்சிக் குடுக்கா."

"உனக்குப் பசை, உங்க மாமாவுக்குக் கஞ்சி. மாத்தி ஊத்திட்டா என்னியக் கேக்காத"ன்னு சிரிப்ப.

பூச்சி அரிக்காம இருக்கப் பசையில மயில்துத்தம் போடுன்னு நான்தான் சொன்னேன். பாலிடெக்னிக் படிச்சிட்டு காக்களூர் கம்பெனியில லேத்து ஓட்டுறவன் புத்தி. அந்தப் பையன் மொதமொதல்ல பேசின கூட்டத்துப் போஸ்டர நம்ம செவுத்துலயே ஒட்டச் சொன்ன. அவன் பேர் அச்சுல வந்ததுல உனக்குத்தான் பெரும.

உனக்கு வலி கண்ட அன்னிக்கி ரிக்ஷாவுல ஆஸ்பத்திரிக்குப் போய்க்கினு இருந்தோம். ரோட்ட அடச்சிக்கினு மாணவர் ஊர்வலம். முன்னால கொடி புடிச்சிக்கினு அவன்.

"நம்ம தம்பிதாங்க. சொன்னா வழி உடுவான்"ன்னு நீதான் சொன்ன.

எறங்கி ஓடிப்போய்ச் சொன்னேன். "கொஞ்சம் இருங்க மாமா, தலைவர் வண்டி போயிடட்டும்"னான். போறதுக்குள்ள உன் கை சில்லுன்னு ஆயிட்டுது. கொழந்தையும் தங்கல.

போன வாரம் வந்தான். "காலேஜ்ல அரசியல் விவாதம் மாமா. போராட்டத்தால ஜனங்களுக்கு நன்மையா, தீமையா? அக்காவப் பத்திப் பேசப்போறேன், வாங்க." நாலு பேர் முன்னால, 'நாங்கதான் வழிய அடச்சோம்'னு சொல்லுவான்னு நம்பினேன். நீ இஸ்திரி போட்டு வெச்ச சட்டைய அன்னிக்கித்தான் எடுத்துப் போட்டேன்.

மேடையில கைய ஓங்கினான். "என் அக்கா ஏன் செத்தா? ரோடு போடாத இந்த ஆட்சியால செத்தா! அதுக்குத்தான் போராடுறோம்!" உன்ன மாட்டு வண்டியில ஏத்திட்டான். மழையையும் பேய வெச்சிட்டான். பக்கத்துல ஒரு ஆளு கண்ணத் தொடச்சிக்கினாரு.

வெளிய வந்தப்ப, கெலிச்ச கப்ப அக்குள்ல வெச்சிக்கினு ஓடியாந்தான். "எப்டி மாமா? அக்கா பேர எடுத்ததும் மண்டபமே அழுதுச்சி, பாத்தீங்களா?"

"ரோட்ட அடச்சது யார்ரா?"

"அய்ய, பேஜார் பண்ணாதீங்க மாமா. யாரு எந்தப் பக்கம் பேசணும்னு சீட்டு குலுக்குனாங்க, எனக்கு 'நன்மை' விழுந்துது. 'தீமை' விழுந்திருந்தா ஊர்வலத்தத்தான் கிழிச்சிருப்பேன். அதுக்கும் அக்கா கததான்."

அடிக்கக்கூடக் கை வரல. தரையில துப்பிட்டு வந்துட்டேன்.

இன்னிக்கி ஒட்டியிருக்கறதும் அவன் பேர் போட்டதுதான். ரம்பத் தகட்ட எடுத்துச் சுரண்டினேன். மேல இருந்ததெல்லாம் தோலு மாதிரி உரிஞ்சி வந்துட்டுது. அடியில இருக்கற அந்த மொத போஸ்டர் மட்டும் வரல. துத்தம் அளவாப் போட்டு நீ காச்சின பசை.

தகட்டக் கீழ வெச்சிட்டேன். அவன் பேர் அங்கியேதான் இருக்குது. இன்னா பண்றது, அதப் புடிச்சிக்கினு இருக்கறது நீயாச்சே.