இரண்டு கிழமைக்கு வந்தவர்

பிளேஸ்டோ, இலண்டன்
12.3.1986

அன்புள்ள தம்பி குகதாசனுக்கு,

நீ நலமென்று நினைத்தே எழுதுகிறேன். பிரஜைகள் குழுச் செயலாளர் என்று இராணுவ முகாமுக்குப் போய்ப் பிடிபட்ட பிள்ளைகளை விடுவிக்கக் கேட்கிறாயாம். இராணுவம், இயக்கம் இரு பக்கமும் உன்னை எச்சரித்துவிட்டார்களாம். விசாவுக்கான கடதாசிகள் தயார். வந்துவிடு.

ஓடிவருவது வெட்கம் என்பாய். ஒரு உதாரணம் சொல்கிறேன். எதிர்வீட்டு மிஸ்டர் கொக்கர் சியரா லியோன்காரர். வெள்ளையர் ஆட்சியின் கடைசிக் காலத்தில் துறைமுகத் தொழிலாளர் தெரிவுசெய்த சட்டசபை உறுப்பினர். கூலிக்காக ஆளுநரோடு நேருக்கு நேர் வாதாடி, பிறகு மந்திரியுமானவர். ஒரு கலவரத்தில் வீட்டுக்குக் கல்லெறி விழுந்ததும் இரண்டு கிழமைக்கென்று இங்கு வந்தார். இப்போது எழுபத்தெட்டு வயது. தக்காளி வளர்க்கிறார். மரியாதைக்கு ஒரு குறையுமில்லை.

அன்பு அக்கா,
கமலாம்பிகை

கொக்குவில்
20.4.1986

அன்புள்ள அக்கா,

வகுப்பில் நீங்கள் தந்த உதாரணங்கள் எல்லாம் பாதியில் நிற்கும். மீதியைக் கேளுங்கள். அவருடைய நாட்டில் சுதந்திரக் கொடி ஏறிய நாளில் அவர் எங்கே இருந்தார்? தொழிலாளர் பிறகு யாரிடம் போனார்கள்? கேட்டபின் அவர் என்னை வரச்சொன்னால், சத்தியமாக வருவேன்.

தம்பி,
குகதாசன்

பிளேஸ்டோ
18.5.1986

அன்புள்ள தம்பி,

கேட்டேன். முதலில் சிரித்தார்.

"டீச்சர், உங்கட தம்பி அப்புக்காத்தோ?"

"இல்லை, தபாற்கந்தோரில வேலை."

"என்னைச் சாட்சிக் கூண்டில ஏத்திப்போட்டார்."

கொடி ஏறிய நாளில் லூயிஷாமில் ஒரு வாடகை அறையில், கோட்டும் டையும் கட்டி, தனியே வானொலி கேட்டாராம். தொழிலாளர் அவருடைய இடத்துக்கு மூட்டை சுமக்கும் ஒரு கூலியாளைத் தெரிவு செய்தார்கள். அந்த மனிதன் மறியலில், சிறைக்குள்ளேயே இறந்தான். "அது எனக்கு வைச்ச மறியல்" என்றார்.

வரச் சொல்லலாமா என்றேன். "உயிரோட இருக்கிறது நல்லதுதான், டீச்சர். ஆனா வா எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்லை." எழும்பி உள்ளே போய்விட்டார்.

அவர் வரச்சொன்னார் என்று எழுத நினைத்தேன். பேனை ஓடவில்லை. இனி உதாரணம் ஒன்றும் இல்லை, தம்பி. நான் கேட்கிறேன். வா.

அக்கா

கொக்குவில்
29.6.1986

அன்புள்ள அக்கா,

அவர் வரச்சொன்னதாக எழுதியிருந்தால் வந்திருப்பேன். வாக்குக் கொடுத்தவன். அது தெரிந்தும் உள்ளதை எழுதினீர்கள்.

நேற்று முகாமில் இரண்டு பேரை விட்டார்கள். மூன்றாவது பிள்ளையின் தாய் வாசலிலேயே இருக்கிறா. நாளைக்கும் போகவேண்டும்.

எனக்கு ஏதும் நடந்தால், அந்தக் கடிதத்தை நினைத்து உங்களை நீங்களே ஏசாதேயுங்கோ, அக்கா.

குகன்