மூக்கு மட்டும் தளத்துக்குள்

மார்ச் 3, செவ்வாய்

மகளின் கல்யாணத்துக்கு அவளுடைய மாமாவை நான் நேரில் போய் அழைக்க வேண்டுமாம். தபாலில் பத்திரிகை அனுப்பினால் போதும் என்றேன்.

“தபால்ல அனுப்ப அவன் என்ன கரண்ட் ஆபீஸா? என் கூடப் பிறந்தவன்” என்றாள் மனைவி.

மகள் சத்தம் போடவில்லை. “நீங்க கூப்பிடலன்னா மாமா வரமாட்டார். அவர் வரலன்னா நாங்க ரெண்டு பேரும் ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டுக்கிறோம்ப்பா. மண்டபத்துல நீங்க தனியா உக்காந்து சாப்பிடுங்க.”

சொன்னால் செய்வாள். என் மகள்.

மைத்துனன் ஆர்கிடெக்ட். நான் கட்டுமானப் பொறியாளன். அவன் வரைவான்; வரைந்தது விழாமல் நிற்க நான் கணக்குப் போடுவேன். ஒரே அலுவலகம், ஒரே காபி பிளாஸ்க். புத்தர் கோயில் வேலை வந்ததும், “இதுல உங்களுக்கு மனசு ஒட்டாது அத்தான்” என்று சொல்லிவிட்டு, டை கட்டிய வேறொரு பொறியாளனை வைத்துக்கொண்டான். ஒட்டுமா ஒட்டாதா என்று என்னைக் கேட்டானா? அன்று நின்ற பேச்சு.

மார்ச் 5, வியாழன்

அந்தக் கோயிலின் படம் பேப்பரில். மனைவி அதை வெட்டி ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கிறாள். ஃப்ரிட்ஜைத் துடைக்கிறேன் என்று சொல்லிக் கிழித்தெடுத்தேன். ஃப்ரிட்ஜ் பளபளவென்று இருக்கிறது.

மார்ச் 7, சனி

கண்ணாடிக்கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கோயிலுக்குப் போனேன்.

ஒரு வங்கிக்கும் கார் நிறுத்தும் கட்டடத்துக்கும் நடுவே, ஒரு பஸ் படுத்தால் எழுந்திருக்க முடியாத அளவுக்கு இடம். அதில் ஏழு மாடி. உள்ளே நிற்கும் புத்தர் ஒருவர்தான். ஏழு மாடிக்கும் அவரே. ஒவ்வொரு தளத்திலும் ஓட்டை விட்டு அவரை ஏற்றியிருக்கிறார்கள். லிஃப்ட் பொத்தான்களில் எண் கிடையாது. பாதம், முழங்கால், தொடை, இடுப்பு, நெஞ்சு என்று எழுதியிருக்கிறது. ஒரு அம்மாள் என்னிடம், “தம்பி, இடுப்பை அமுக்குங்க” என்றாள். அமுக்கினேன்.

நெஞ்சுக்கு மேலே உள்ள பொத்தான் ‘உதடு’. அதற்கும் மேலே ‘கண்’.

எனக்குள் ஏதோ துள்ளியது. ஆறாம் மாடிக்குப் போனேன். கழுத்து, முகவாய், உதடு, பிறகு கூரை. ஏழாம் மாடிக்கு ஓடினேன். தரையிலிருந்து கண்கள், நெற்றி. மூக்கைக் காணோம்.

அங்கே ஒரு பிக்கு தரை துடைத்துக்கொண்டிருந்தார்.

“மூக்கு எங்கேங்க?”

“நீங்க நிக்கிறீங்களே, அந்தத் தளத்துக்குள்ள.”

துண்டு துண்டாக வந்த சிலையோடு தாமரைப் பீடமும் வந்திருக்கிறது. மைத்துனன் பாதத்திலிருந்துதான் கணக்குப் போட்டிருக்கிறான். பீடத்தின் உயரத்துக்கு எல்லாம் மேலே ஏறிவிட்டது. தளமும் உத்திரமும் சேர்ந்த கனம் சரியாக ஒரு மூக்கு.

“பீடத்தை எடுத்திருக்கலாமே?”

“அதுக்குள்ள அவர் ஏறி நின்னுட்டாருங்க” என்றார்.

தெருவுக்கு வந்து கார்களுக்கு நடுவே நின்று சிரித்தேன். காவலாளி தண்ணீர் கொடுத்தான்.

மார்ச் 8, ஞாயிறு

அறங்காவலர்கள் செவ்வாயன்று கூடுகிறார்கள். தளத்தின் முன்பகுதியை வெட்டி உத்திரத்தைப் பின்னால் தள்ளினால் முழு முகமும் தெரியும். சுலபமான வேலை. இலவசமாகவே செய்து கொடுப்பேன்.

“அவனைக் கூப்பிடப் போங்கன்னா, அவன் கட்டினதை இடிக்கப் போறீங்களா?” என்றாள் மனைவி. பிறகு என்னோடு பேசவில்லை. வீட்டில் பாத்திரங்கள் மட்டும் பேசுகின்றன.

மார்ச் 10, செவ்வாய்

கூட்டம் முழங்காலில் நடந்தது.

என் திட்டத்தைச் சொன்னேன். கைதட்டுவார்கள் என்றுதான் நினைத்தேன். அங்கே இரண்டு கட்சி இருப்பது எனக்கு எப்படித் தெரியும்? உதட்டுக் கட்சிக்கு ஒரு பல் டாக்டர் தலைவர். கண் கட்சிக்கு ஓய்வுபெற்ற நீதிபதியம்மாள்.

“நாள் பூரா திறந்த வாயைப் பாக்கிறவன் நான். மூடின வாய் ஒண்ணு சிரிக்கிறதைப் பாக்கத்தான் இங்க வரேன். மேலேர்ந்து ஒருத்தர் முறைச்சுப் பாக்கணும்னு எனக்கு என்ன தலையெழுத்து?” என்றார் டாக்டர்.

“முறைக்கிறாரா? அவர் கண் பாதி மூடியிருக்கு. நீங்க மேல வந்ததே இல்லையே” என்றார் நீதிபதியம்மாள். “கீழ அவர் சிரிச்சிட்டிருக்கார்னு இப்பத்தான் கேள்விப்படறேன். என்னைப் பாத்தா சிரிக்கிறார்?”

யாரோ, “இந்த ஆள் யாரு?” என்று என்னைக் காட்டிக் கேட்டார்கள்.

அப்போதுதான் முழங்காலுக்குப் பின்னாலிருந்து மைத்துனன் எழுந்தான். தலை முழுக்க வெளுத்திருக்கிறது. அவன் அக்கா இதை என்னிடம் சொல்லவே இல்லையே.

“எங்க அத்தான். அவர் சொல்றது சரி. தப்பு என்னோடது. வெட்டிடலாம்.”

பிசிறில்லாமல் ஒத்துக்கொண்டான். எத்தனை வருஷம் சேர்த்துவைத்த சண்டை, ஒரே வாயில் முடித்துவிட்டான். படுபாவி.

லிஃப்டில் நானும் அவனும் மட்டும். இரண்டு பேரும் பொத்தான்களையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

“நீங்க இருந்திருந்தா மொத நாளே பீடம் எங்கன்னு கேட்டிருப்பீங்க” என்றான்.

“கேட்டிருப்பேன்.”

பாதம் வந்துவிட்டது.

மார்ச் 12, வியாழன்

வெட்டுகிற வேலையை டை கட்டியவனிடமே கொடுக்கப் போகிறார்களாம். ஆக, கடைசியில் மூக்கை எடுத்துக் கொடுத்த பேரும் அவனுக்கா?

இதற்காகத்தான் கோபமா எனக்கு? இல்லை. வேறென்ன? தெரியவில்லை.

மார்ச் 14, சனி

ஆறாம் மாடிக்குப் போய் உட்கார்ந்தேன். பல் டாக்டர் தன் துண்டை நடுவில் போட்டு எல்லை கட்டினார். “நீங்க வெட்டுற கட்சி. அந்தப் பக்கம்.”

அந்தப் பக்கம் உட்கார்ந்தேன். சிரிப்பா அது? சிரிக்கலாமா என்று ஒரு யோசனை. கண் தெரிந்திருந்தால் யோசனை முடிந்திருக்கும், அவ்வளவுதான்.

நான் எழுந்தபோது டாக்டர் தூங்கிக்கொண்டிருந்தார். வாயைத் திறந்தபடி.

மார்ச் 17, செவ்வாய்

மறுபடி கூட்டம். மறுபடி முழங்கால்.

எழுந்து சொன்னேன்: “திரும்பக் கணக்குப் போட்டேன். அந்த உத்திரத்தைத் தொட முடியாது. தொட்டால் மேல்மாடி நெஞ்சில் இறங்கும். இதைக் கட்டியவர் அதை அங்கே வைத்ததுதான் சரி.”

பொய். தாராளமாக வெட்டலாம். டை கட்டியவன் வாயைத் திறந்தான். முறைத்தேன். மூடிக்கொண்டான். மைத்துனனுக்குத் தெரியும், என் கணக்கு இரண்டாம் முறை மாறியதே இல்லை என்று. அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். தோள் குலுங்கியது. அழுகையா, சிரிப்பா? எனக்குத் தெரிந்த பக்கத்தில் முகம் இல்லை.

வாசலில் செருப்பு மாட்டும்போது சொன்னேன்: “ஏப்ரல் பன்னிரண்டு. ஞாயிறு. வந்தா வா.”

“மண்டபம் எந்த மாடி அத்தான்?”

“தரைத்தளம். தூணெல்லாம் நிக்க வேண்டிய இடத்துல நிக்குது. நானே போய்ப் பாத்தேன்.”

“அப்ப வரேன்.”

ஏப்ரல் 12, ஞாயிறு

நடந்தது. சாம்பாரில் உப்பு இல்லை. அவன் எனக்கு முன்பே வந்து நாற்காலி போட்டுக்கொண்டிருந்தான்.

ஏப்ரல் 15, புதன்

குடும்பப் படம் வந்திருக்கிறது. மைத்துனன் எனக்குப் பின்னால் நின்றிருக்கிறான். என் தலைக்கு மேல் அவன் நெற்றியும் கண்களும் மட்டும். மற்றதெல்லாம் எனக்குப் பின்னால்.

“அவன் முகமே தெரியலியே. வேற படம் கேக்கலாமா?” என்றாள் மனைவி.

வேண்டாம் என்றேன். ஃப்ரிட்ஜில் நானே ஒட்டினேன்.