சிவப்பு ஹெல்மெட்

வியாழன்.

பொன்முடிக் காட்டில் யானைகளுக்காக நாங்கள் வைத்த காமிராவின் படங்களை இன்று வனத்துறை ஆபீசில் பார்த்தேன். வண்டி போகக் கூடாத தடம் அது. அங்கே நிற்கும் தடை போர்டை எழுதிக் கொடுத்ததே நான்தான். முதல் படத்தில் தாய் யானையும் குட்டியும் மிரண்டு ஓடுகின்றன. அடுத்ததில் ஒரு பைக். ஓட்டுகிறவன் தலையில் சிவப்பு ஹெல்மெட், அதில் நான் ஒட்டிய பிள்ளையார் ஸ்டிக்கர். என் தம்பி ரவி. மடையன்! மூன்றாவது படத்தில் குட்டி மட்டும் தனியாக நிற்கிறது.

ரிப்போர்ட்டில் ‘ஆள் தெரியவில்லை’ என்று எழுதினேன்.

ராத்திரி சாப்பிடும்போது ரவியே கேட்டான்: “ஹெல்மெட் போட்டிருந்தா உங்க காமிராவிலே முகம் தெரியாது, இல்லையா அக்கா?”

“உன் முகம் தெரியலைடா. குட்டியோட முகம் நன்னாத் தெரியறது.”

பாதிச் சாதத்தில் எழுந்து போய்விட்டான். ரிப்போர்ட் இன்னும் என் பையில்தான் இருக்கிறது. கையெழுத்துப் போடவில்லை.