பாஸ்டு அவுட்

இன்று காலை அம்பத்தூர் ஸ்டேஷன் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். ‘ஐ.டி.ஐ. பாஸ்டு அவுட் பெண்கள் தேவை.’ பசைகூடக் காயவில்லை. கிழித்துப் போட்டுவிட்டேன்.

உனக்கு அந்தச் சொல் எவ்வளவு பிடிக்கும். நாம் இருவரும் திருநின்றவூரிலிருந்து ரயிலேறி முதல் நாள் வேலைக்கு வந்தபோது, கேட்டில் செக்யூரிட்டி யாரென்று கேட்டார். “ஐ.டி.ஐ. பாஸ்டு அவுட்ணா” என்று நிமிர்ந்து சொன்னாய். உங்கள் வீட்டில் படிப்பை முடித்தவள் நீ ஒருத்திதான்.

அந்த மே மாதம், தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் இரண்டு ஃபேனும் ஓடவில்லை. “தலை சுத்துதுடி, கண்ணு இருட்டிகினு வருது” என்றாய். சூப்பர்வைசரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். “லஞ்சுக்கு அரை மணிதாம்மா கீது. இப்ப உக்கார வச்சா லைன் நின்னுடும்” என்றார். பத்தே நிமிடத்தில் மெஷின் பக்கத்திலேயே சரிந்தாய். உன் தலையை மடியில் வைத்துக்கொண்டு ஆம்புலன்ஸுக்காகக் காத்திருந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருமுன் நீ போய்விட்டாய்.

தொழிற்சாலை ஆய்வு அதிகாரி நடத்திய விசாரணையில் ஷிப்ட் ரிஜிஸ்டரைக் கொண்டுவந்தார்கள். உன் பெயருக்கு நேரே ஆங்கிலத்தில் ‘பாஸ்டு அவுட்’ என்று சூப்பர்வைசர் எழுதியிருந்தார். கீழே சாட்சிக் கையெழுத்து என்னுடையது. அன்று எதைக் காட்டினாலும் போட்டிருப்பேன். மேனேஜர் அதைப் படித்துவிட்டு, “வெளியே போயிட்டாங்கன்னு அர்த்தம் சார். வெளியே நடந்ததுக்கு கம்பெனி பொறுப்பில்ல” என்றார்.

எழுந்து நின்றேன்.

“நானும் ஐ.டி.ஐ. பாஸ்டு அவுட்தான் சார். அப்ப நான் இன்னா, வெளியவா நின்னுகினு கீறேன்? என் மடில கெடந்தா சார் அவ. அந்த ஒரு சொல்லுக்கு எத்தினி அர்த்தம் வச்சிகினு கீறீங்க?”

அதிகாரி சூப்பர்வைசரைப் பார்த்தார். “எந்த அர்த்தத்துல எழுதினீங்க?”

அவர் தரையைப் பார்த்தபடியே “மயங்கி வுழுந்துச்சின்னுதான் சார்” என்றார்.

கம்பெனிக்குள் மயங்கி விழுந்ததால் வந்த சாவு என்று எழுதிக்கொண்டார்கள். ஜெயித்துவிட்டோம் என்று உன் அம்மாவிடம் யாரோ சொன்னார்கள். எனக்குக் கோபம் ஆறவேயில்லை. லைன் நின்றுவிடும் என்பதற்கு ஒரே அர்த்தம்தான். அதைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை.

இப்போது ஷாப்பில் எவளாவது தலை சுற்றுகிறது என்றால் நான் யாரிடமும் போய்க் கேட்பதில்லை. நேராகப் போய் லைனை நிறுத்துகிறேன். இதுவரை இரண்டு மெமோ வந்திருக்கிறது. இரண்டிலும் கையெழுத்துப் போடவில்லை.