சுவரைப் பார்த்த காகிதம்

6 ஜூலை, ஞாயிறு

காலையில், புதிதாகக் கார்டுப் பூட்டு மாட்டிய தொழிற்சாலைக் கதவு மூடவே இல்லை. அதைத்தான் முதலில் கவனித்தேன்.

பஸ் வந்து நின்றது. முதலில் இறங்கிய மோரிஸ் அண்ணன் கார்டைத் தட்டினார். பச்சை விளக்கு. கதவை வெளிப்பக்கம் இழுத்துச் சுவரோடு சாய்த்து, முதுகால் பிடித்துக்கொண்டார். அவ்வளவுதான், பஸ்ஸில் வந்த எல்லாரும் அந்த ஒரு பச்சை விளக்கிலேயே உள்ளே போய்விட்டார்கள். கடைசியாக எங்கள் பக்கத்து வீட்டு குணசுந்தரி அக்கா. இரண்டு கையிலும் பை. பை நிறைய இடியாப்பப் பொட்டலம், இங்கே புட்டு மாயம் என்பார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் விடியுமுன்னே பிழிந்து எடுத்து வருவார்.

"வழி விடுங்கலா! மகாராணி வராங்க!" என்றார் மோரிஸ் அண்ணன்.

"ஒனக்கு இன்னைக்கு தேங்காப்பூ கெடையாது, போ."

என்னைப் பார்த்ததும் அக்கா நின்றார். "நளினி, நீயா இதெல்லாம் மாட்டுன? கெட்டிக்காரிலா நீ."

தலையை ஆட்டினேன். நான் ஏணியைத்தான் பிடித்தேன் என்று சொல்லியிருக்கலாம்.

7 ஜூலை, திங்கள்

இது தலையணை செய்யும் கிலாங். ரப்பர் பால் நுரையை அச்சில் ஊற்றி வேகவைக்கிறார்கள். திகாம் பத்துவிலிருந்து பஸ்ஸில் வருகிறவர்களில் பாதிப் பேர் எங்கள் தோட்டத்து ஆட்கள்.

வசந்தன் அண்ணன் அம்மாவுக்குத் தூரத்துச் சொந்தம். அவருடைய கம்பெனி என்றால் அவர், ஒரு வேன், இப்போது நான். பள்ளிக்கூடத்தை விட்டு வீட்டில் கிடந்தவளை அவர்தான் கூப்பிட்டார். கணினியில் பெயர்களைச் சேர்ப்பது, கார்டு பதிவது, எந்தக் கார்டுக்கு எந்தக் கதவு என்று குறிப்பது என் வேலை. பிடித்திருக்கிறது. கதவோடு பேச வேண்டியதில்லை.

இன்று சொல்லிக்கொடுத்ததை மறக்காமல் இருக்க எழுதுகிறேன். கதவுக்கு வெளியே ஒரு ரீடர், உள்ளே ஒரு ரீடர். வரும்போதும் தட்ட வேண்டும், போகும்போதும் தட்ட வேண்டும். வரும்போது தட்டாத ஆள், கணினியின் கணக்கில் இன்னும் வெளியேதான் நிற்கிறார். அவர் போகும்போது தட்டினால், "நீ உள்ளேயே வரவில்லையே" என்று கதவு திறக்காது. தீ பிடித்தால் உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று தெரிய வேண்டுமாம். அதற்குத்தான் முதலாளி இதைக் கேட்டிருக்கிறார். சம்பளக் கணக்குக்கு வாசலில் ஜாகா காவல் கொட்டகையில் வேறு இயந்திரம் இருக்கிறது.

முதல் இரண்டு வாரம் எச்சரிக்கை மட்டும். கதவு திறக்கும், ஆனால் கணினியில் மஞ்சள் வரி விழும். ஆட்களுக்குப் பழகிய பிறகுதான் பூட்டு.

9 ஜூலை, புதன்

வசந்தன் அண்ணனுக்கு நாளைக் காலை கூலிம் ஊரில் வேலை. "மலாய்க்காரங்களுக்கு ரோஸ்னா சொல்லிட்டாங்க. நம்மாளுங்களுக்கு நீ சொல்லிடு. பஸ் வந்ததும் நிப்பாட்டி, ஒவ்வொருத்தரும் தட்டணும்னு சொல்லு. ரெண்டு வார்த்த. சரியா?" என்றார். ரோஸ்னா அங்கே பணியாளர் பிரிவு அதிகாரி, மேடம் என்பதற்கு மலாயில் புவான் என்று கூப்பிடுவோம்.

சரி என்றேன். எனக்கு எப்போதும் சரிதான்.

10 ஜூலை, வியாழன்

சொல்லவில்லை.

பஸ் வந்தது. நான் கதவருகே நின்றேன். எல்லாரும் தெரிந்த முகம். வாயைத் திறந்தேன், மூடினேன். படிவம் நான்கில் வாய்மொழிச் சோதனைக்கு எழுந்து நின்று ஒரு வார்த்தையும் வராமல் உட்கார்ந்தேனே, அதே மாதிரி. அதற்குப் பிறகு நான் பள்ளிக்கே போகவில்லை.

கூட்டம் என்னைத் தாண்டிப் போய்விட்டது. பிறகு அலுவலகத்தில் ஒரு தாள் வாங்கித் தமிழில் பெரிதாக எழுதினேன். "கதவு திறந்திருந்தாலும் ஒவ்வொருவரும் தங்கள் கார்டைத் தட்டவும்." கதவின் வெளிப்பக்கம், நடுவில் ஒட்டினேன். எழுத்து அழகாக வந்திருந்தது.

அண்ணன் சாயங்காலம் கேட்டார். "சொல்லிட்டியா?"

"எழுதி ஒட்டிட்டேண்ணே."

"படிப்பாங்களா?"

"படிப்பாங்க."

13 ஜூலை, ஞாயிறு

யாரும் படிக்கவில்லை. படிக்கவும் முடியாது. நான் எவ்வளவு பெரிய முட்டாள் — பஸ் வந்ததும் கதவைத் திறந்து சுவரோடு சாய்த்துவிடுகிறார்கள். தாள் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. எல்லாரும் போன பிறகு கதவு மூடுகிறது, தாள் வெளியே வருகிறது. அப்போது அதைப் படிக்க நான் மட்டும்தான் இருக்கிறேன்.

சுவரில் ஒட்டலாமா என்று புவானிடம் கேட்கப் போனேன். புதுச் சாயம் அடித்திருக்கிறார்கள், சுவரில் எதுவும் ஒட்டக் கூடாது என்று அங்கேயே எழுதி வைத்திருந்தார்கள். திரும்பிவிட்டேன்.

14 ஜூலை, திங்கள்

மஞ்சள் வரிகளைப் பார்த்தேன். குணசுந்தரி. போன வாரமும் குணசுந்தரி. மற்றவர்கள் ஒருநாள் தட்டுகிறார்கள், ஒருநாள் மறக்கிறார்கள். அக்கா ஒருநாளும் தட்டியதில்லை. பொட்டலங்களை அடுக்கிவைக்க மதியம் எல்லாருக்கும் முன்னால் கேன்டீனுக்குத் தனியாகப் போகிறார், அப்போது உள்ளே இருக்கும் ரீடரில் தட்டுகிறார். உடனே மஞ்சள்.

கையில் பை இருக்கிறது என்று எல்லாரும் அவருக்காகக் கதவைப் பிடிக்கிறார்கள். அவர் எப்படித் தட்டுவார்?

15 ஜூலை, செவ்வாய்

சாயங்காலம் அக்கா வேலிப் பக்கம் துணி எடுத்துக்கொண்டிருந்தார். சொல்லலாம் என்று போனேன்.

"என்னாம்மா, மொகமே சரியில்ல? வசந்தன் திட்டுனானா? சொல்லு, நான் பாத்துக்குறேன் அவன."

"இல்லக்கா."

தன் வீட்டுக்காரர் காளிதாசன் மாமாவின் மோட்டார் சைக்கிளுக்கு டயர் தேய்ந்துவிட்டது, மழையில் செம்பனைக் காட்டுக்குள் போகாதே என்றால் கேட்பதில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் கேட்டுக்கொண்டே நின்றேன். "அக்கா, நீங்க தப்பா பண்றீங்க" என்று எப்படித் தொடங்குவது? என்னைத் தூக்கி வளர்த்தவரிடம்? அவரைப் பற்றிப் புகார் சொல்கிற மாதிரி இருந்தது.

கார்டு அவர் கழுத்தில்தான் தொங்குகிறது. ரீடர் நெஞ்சு உயரத்தில் இருக்கிறது. கொஞ்சம் சாய்ந்தால் போதும், கையே வேண்டாம். இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

நாளை சொல்வேன்.

17 ஜூலை, வியாழன்

ஞாயிற்றுக்கிழமை முதல் பூட்டு. "மஞ்சள் இன்னும் வருதா?" என்றார் அண்ணன். கொஞ்சம் என்றேன். "பூட்டுனா தன்னால கத்துக்குவாங்க" என்றார்.

இன்னும் வெள்ளியும் சனியும் இருக்கின்றன, இங்கே வார விடுமுறை. அக்கா வீட்டில்தான் இருப்பார்.

20 ஜூலை, ஞாயிறு

எழுத முடியவில்லை. ஆனால் எழுதாவிட்டால் தூங்க முடியாது.

காலையில் அண்ணன் பூட்டைப் போட்டார். "என்னைக் கேக்காம எதையும் அமுக்காத" என்று சொல்லிவிட்டு வயர் வாங்க வெளியே போனார். நான் மாடியில் கணினி முன்னால் இருந்தேன்.

சிவப்பு வரி விழுந்தது. குணசுந்தரி, வெளியே போகும் ரீடர், மறுக்கப்பட்டது. கேன்டீன் நேரம் இல்லையே என்று நினைத்தேன். மறுபடியும் சிவப்பு. மறுபடியும். தட்டிக்கொண்டே இருக்கிறார். ஒவ்வொரு வரிக்குப் பக்கத்திலும் ஒரு சின்னக் கதவுப் படம் இருக்கும், அதை அமுக்கினால் இங்கிருந்தே கதவு திறக்கும். விரலை மவுஸ் மேல் வைத்துக்கொண்டு இன்னொரு கையால் அண்ணனுக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடியும் போட்டேன்.

அப்போதுதான் அலாரம்.

காளிதாசன் மாமா மோட்டாரோடு சறுக்கிக் கால்வாயில் விழுந்துவிட்டார் என்று அக்காவுக்குப் போன் வந்திருக்கிறது. மயக்கத்தில் கிடக்கிறார் என்று மட்டும் சொன்னார்களாம். அக்கா ஓடி வந்து கதவைத் தட்டி, இடித்து, கத்தியிருக்கிறார். யாரையாவது கூப்பிட்டு அந்த ஆளின் கார்டைத் தட்டச் சொல்லியிருக்கலாம் என்று இப்போது எல்லாரும் சொல்கிறார்கள். இயந்திரச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? தீ பிடித்தால் உடைக்கச் சொல்லி ஒரு பச்சைப் பெட்டி இருக்கிறதே, அதைச் சாப்பாட்டுக் கேரியரால் உடைத்துவிட்டார். கதவுகள் எல்லாம் திறந்துகொண்டன. தீ என்று நினைத்து எல்லாரும் வெளியே ஓடினார்கள். அச்சில் இருந்த தலையணை எல்லாம் கருகிவிட்டது.

ஜன்னலிலிருந்து பார்த்தேன். அக்கா சாலையில் ஓடிக்கொண்டிருந்தார். ஒரு காலில் செருப்பு இல்லை.

ஒரு விரல். ஒரே ஒரு அமுக்கு. ஏன் அமுக்கல? எதுக்கு போன் போட்டுக்கிட்டு இருந்த நீ?

21 ஜூலை, திங்கள்

மாமாவுக்குத் தொடை எலும்பு முறிவு. உயிருக்கு ஒன்றுமில்லை. அம்மா கஞ்சி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். நான் போகவில்லை.

23 ஜூலை, புதன்

விசாரணை. புவான் ரோஸ்னா, ஆட்களை அனுப்பும் ஏஜென்ட், அக்கா, அண்ணன். நான் லேப்டாப்பைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்றேன்.

அக்கா மலாயில் சொன்னார், கார்டு வேலை செய்யவில்லை என்று.

புவான் அண்ணனைப் பார்த்தார். "சிஸ்டம் நல்லாத்தான் இருக்கு. அவங்கதான் காலையில் உள்ளே வரும்போது தட்டவில்லை" என்றார் அண்ணன். அது பொய் இல்லை.

"ஊழியர்களுக்குச் சொல்லப்பட்டதா?"

"சொல்லியாச்சு. தமிழில் எழுதியும் ஒட்டியிருக்கிறது."

அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. நான் சொன்னால் சரியாகிவிடும் என்று நம்புகிற மாதிரி பார்த்தார். லேப்டாப் மூடியில் ஒரு கீறல் இருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அக்காவை நாளை முதல் வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

24 ஜூலை, வியாழன்

காலையில் கதவைப் பிடிக்க யாரும் நிற்கவில்லை. ஒவ்வொருவராகத் தட்டி, உள்ளே போய், கதவு மூடும்வரை அடுத்தவர் காத்திருந்தார். என் தாளைக்கூட ஒருவர் படித்தார். மோரிஸ் அண்ணன் என்னைப் பார்க்காமல் உள்ளே போனார். நான் அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன்.

27 ஜூலை, ஞாயிறு

அம்மா சொன்னார்: "குணா இன்னும் அதையேதான் சொல்லிட்டு இருக்கா. எல்லார் கார்டும் வேல செய்யுது, என் கார்டு மட்டும் ஏன் பூட்டிக்கிச்சுன்னு. ஏன்டி, ஒனக்குத் தெரியுமா?"

தெரியாது என்றேன்.

31 ஜூலை, வியாழன்

அண்ணன் கீழே ரீடரைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது புவான் ரோஸ்னாவின் அறைக்குப் போனேன். உட்காரச் சொன்னார். உட்கார்ந்தால் பேச்சு வராது என்று நின்றேன். மலாயில் சொன்னேன். எல்லாம் உடைந்த உடைந்த வார்த்தை. தமிழ் ஆட்களுக்குச் சொல்ல வேண்டியது நான். சொல்லவில்லை. தாள் சுவரைப் பார்த்தபடி இருந்தது. அக்கா பெயர் தினமும் மஞ்சளில் வந்தது. நான் பார்த்தேன். அன்றைக்குக் கதவை நான் மேலேயிருந்து திறந்திருக்கலாம்.

புவான் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார், "போன வாரம் இதே அறையில்தானே நின்றாய்? அப்போது ஏன் சொல்லவில்லை?"

அக்காவின் இடத்துக்கு ஏஜென்ட் வேறு ஆளை அனுப்பிவிட்டார். நேற்றுத்தான் சேர்ந்தாராம். அந்தப் பெண்ணுக்கான கார்டைப் பதிந்ததே நான்தான். பெயரை அடித்தபோது அது யாருடைய இடம் என்று நான் கேட்கவில்லை.

ஒழுங்கு மீறல் என்று எழுதியதை வேண்டுமானால் எடுத்துவிடுகிறேன், வேறு கிலாங்குக்குப் போகும்போது இடைஞ்சலாக இருக்காது என்றார் புவான். வேலையைத் திருப்பித் தர முடியாது.

3 ஆகஸ்ட், ஞாயிறு

அண்ணனுக்குத் தெரிந்துவிட்டது.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியா? இத்தன நாளு ஊமை மாதிரி இருந்துட்டு, அங்க போயி மட்டும் வாய் வந்துச்சா ஒனக்கு?"

"ஒங்ககிட்டயும் சொல்ல பயமா இருந்துச்சுண்ணே."

வேனை ஓரமாக நிறுத்தினார். வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "நானும் கூலிம் போறத ஒரு நாளு தள்ளிப் போட்டிருக்கலாம்" என்றார். வீட்டு வாசலில் என்னை இறக்கிவிட்டார். நாளை வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை.

4 ஆகஸ்ட், திங்கள்

வேன் வரவில்லை.

விடியுமுன்னே பக்கத்து வீட்டில் விளக்கு. மாவு பிழிகிற சத்தம். இப்போது அக்கா சாலை முனையில் மேசை போட்டு விற்கிறார். ஜன்னலை மூடிக்கொண்டேன்.

5 ஆகஸ்ட், செவ்வாய்

காலையில் குப்பை போடப் போனேன். அக்கா தன் வீட்டு கேட்டுக்கு உள்பக்கம் நின்றுகொண்டிருந்தார். இரண்டு கையிலும் பாத்திரம், ஆவி பறந்துகொண்டிருந்தது. கொக்கியைத் திறக்கக் கை இல்லை. மாமா காலை நீட்டி உள்ளே படுத்திருக்கிறார்.

"நளினி, கேட்ட தொற."

கொக்கியில் கை வைத்தேன். திறக்காமல் சொன்னேன்.

"அக்கா, ஒங்க கார்டு கெட்டுப் போவல. நீங்க உள்ள வரும்போது தட்டல. அதச் சொல்ல வேண்டியது நான். தெனமும் ஒங்க பேரு வந்துச்சு, பாத்துட்டுதான் இருந்தேன். அன்னைக்கு நீங்க தட்டுனதையும் பாத்தேன். மேலேர்ந்து தொறந்திருக்கலாம். தொறக்கல."

அக்கா என்னையே பார்த்தார். பாத்திரத்தை இடுப்போடு அணைத்துப் பிடி மாற்றிக்கொண்டார். முகத்தில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

"கை எரியுது" என்றார். "மொதல்ல கேட்ட தொற."

கேட்டைத் திறந்தேன். சுவரோடு சாய்த்து, அவர் போகும்வரை பிடித்துக்கொண்டு நின்றேன்.